பாட்டிலில் மீதி ஒன்பது மில்லி

ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. எங்க டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு மட்டும் நான் இன்னும் வெளியேறல. வெளியேறுங்கன்னு சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்ல. போன வாரம் அதுல ஒரு போட்டோ வந்துச்சு. எம்ஆர்ஐ ரூம் சுவத்துல புதுசா ஒட்டின சீட்டு. ரத்தக்குழாய் படத்துக்கு இனிமே எல்லாருக்கும் அரை டோஸ் மருந்துதான், அதுக்கு மேல போடணும்னா டாக்டர் கையெழுத்து வேணும்னு போட்டிருந்தாங்க. கீழே பிரியங்கா எழுதியிருந்தா. எனக்கு அப்பறம் என் நாற்காலியில உக்காந்த டெக்னீஷியன் அவ. "கோமளா மேடம், இது உங்க காலத்துல ஆரம்பிச்சதாமே? எப்படின்னு எழுதி அனுப்புங்களேன்."

உங்க காலமாம்! நான் என்ன கல்வெட்டு காலத்துலயா வேலை பார்த்தேன்? போன வருஷம் வரைக்கும் அதே மவுஸைத்தான் பிடிச்சிட்டிருந்தேன். சரி, கேட்டுட்டா. எழுதறேன். ஆனா ஒண்ணு, இதை நான் பெருமையா மட்டும் எழுத முடியாது. நான் பண்ணுன ஒரு திருட்டு வேலையும் இதுல இருக்கு.

நான் ஈஜிபுராவுல பொறந்து வளர்ந்தவ. அப்பா சர்க்கார் ஆபீஸ்ல ஜீப் டிரைவர். வீட்டுல தமிழ், தெருவுல கன்னடம், பக்கத்து வீட்டோட சண்டை போடறதுக்கு மட்டும் தக்னி உருது. எக்ஸ்ரே டிப்ளமா ரெண்டு வருஷம், இருட்டறையில ஃபிலிம் கழுவினது நாலு வருஷம், சிடி ஸ்கேன் ஆறு வருஷம், அதுக்கப்பறம் எம்ஆர்ஐ. படிப்புக் கதை அவ்வளவுதான்.

எம்ஆர்ஐயில ரத்தக்குழாயைப் படம் எடுக்கணும்னா கை நரம்புல ஒரு மருந்து ஏத்துவோம். கான்ட்ராஸ்ட்னு சொல்வாங்க. அது போற வழியெல்லாம் படத்துல வெள்ளையாத் தெரியும். அப்போ எங்களுக்கு அது ராஜ மருந்து. ஒரு கெடுதலும் இல்லன்னு நம்பிக்கிட்டு, காபிக்குச் சர்க்கரை போடற மாதிரி கொஞ்சம் தாராளமாவே போடுவோம். அப்பறம்தான் தெரிஞ்சது, கிட்னி ரொம்ப மோசமானவங்க உடம்புலேருந்து அது சரியா வெளியே போகாம, தோல் இறுகிப்போற ஒரு வியாதியைக் கொண்டுவரலாம்னு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் கலக்கம். எங்க டாக்டர் ராவ் மட்டும் கலங்கல. "பாதி மருந்துல இதே படத்தை எடுக்க முடியுமான்னு பார்ப்போம்"னார்.

டாக்டர் ராவைப் பத்திச் சொல்லணும். படம் பார்த்து ரிப்போர்ட் எழுதற ரேடியாலஜிஸ்ட், எங்க டிபார்ட்மென்டுக்குத் தலைவர். பசவனகுடிக்காரர். எங்க பேச்சு கன்னடத்துலதான், இங்கே தமிழ்ல எழுதறேன். குரலை உசத்தவே மாட்டார். கோபம் வந்தா கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம்னு அர்த்தம். நாற்காலி காலியா இருந்தாலும் உக்காரமாட்டார், எனக்குப் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிப்பார். மவுஸைத் தொடமாட்டார். ஊசிக்கு முன்னாடி ஒரு சடங்கு உண்டு. "ஓதி ஹேளம்மா"ம்பார். படிச்சுச் சொல்லும்மான்னு அர்த்தம். நோயாளி பேரு, எடை, கிட்னி ரிப்போர்ட், மருந்து பேரு, எத்தனை மில்லி, எல்லாத்தையும் நான் சத்தமாப் படிக்கணும். முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஸ்கூல்ல பாடம் ஒப்பிக்கிற மாதிரி. ரெண்டாவது வாரமே எடையைத் தப்பா எழுதியிருந்த ஒரு கேஸ் அந்தப் படிப்புலதான் மாட்டுச்சு. அதுக்கப்பறம் சிரிக்கல.

அரை டோஸ்ல என்ன கஷ்டம்னா, நேரம். மருந்து கையிலேருந்து இதயத்துக்குப் போயி, அங்கேருந்து தமனி வழியா காலுக்கு இறங்கும். இறங்கற அந்தச் சில நொடியில மெஷின் படத்தோட முக்கியமான பகுதியை எடுத்தாகணும். முன்னாடி எடுத்தா குழாய் காலியாத் தெரியும். தாமதமா எடுத்தா மருந்து சிரையிலயும் ஏறி, எது தமனி எது சிரைன்னு தெரியாது. முழு டோஸ்ங்கிறது நீளமான ரயில். கொஞ்சம் முன்னப்பின்ன கேமராவைத் தட்டினாலும் ஏதாவது ஒரு பெட்டி விழுந்துடும். அரை டோஸ்ங்கிறது ஆட்டோ. தவறவிட்டா வெறும் ரோடுதான். அதனால ராவ் சார் சொன்னபடி முதல்ல ஒரே ஒரு மில்லி விட்டு, அது எத்தனை நொடியில வருதுன்னு எண்ணிப்போம். அப்பறம் மீதி மருந்துல உப்புத்தண்ணி கலந்து அளவைக் கூட்டி, மெதுவா நிதானமா ஏத்துவோம்.

முதல்ல கிட்னி நல்லா இருக்கறவங்க பத்துப் பேருக்குச் செய்து பார்க்கலாம், படம் சரியா வந்தா கிட்னி மோசமானவங்களுக்கும் நம்பிச் செய்யலாம்னு முடிவாச்சு. நோயாளிங்க எல்லார்கிட்டயும் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

எங்க ஊர்ல மருந்தை நோயாளி வீட்டுக்காரங்கதான் கீழே ஃபார்மசியில வாங்கிட்டு வரணும். பாட்டில்ல பதினஞ்சு மில்லி இருக்கும். வாங்கிக் குடுத்துட்டுக் கதவுகிட்டயே நிப்பாங்க. வெளியே வந்தா முதல் கேள்வி படத்தைப் பத்தி இருக்காது. "மேடம், மருந்தை முழுசாப் போட்டீங்களா?" மீதி இருந்தா முகம் சுருங்கிடும். ஒரு அம்மா என்கிட்ட, "மிச்சத்தை மூடி குடுங்க, வீட்டுல ஃபிரிட்ஜ்ல வெச்சுக்கறேன்"னாங்க. இன்னொருத்தர் மீதியை நான் வேற யாருக்கோ வித்துடுவேன்னு மேனேஜர்கிட்டப் புகாரே குடுத்துட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கூடவே, குழம்பு மீந்தாக்கூட மறுநாள் சுண்டவெச்சுச் சாப்பிடற வீட்டுல வளர்ந்தவ நான். நல்ல மருந்தை பாதி பாட்டிலுக்கு மேல குப்பைக்குப் போடறது எனக்கே மனசு வரல. இன்னொரு பயமும் இருந்துச்சு. படம் சரியா வரலன்னா பழி டாக்டர் மேல போகாது, என் மேலதான் விழும்.

அதனால என்ன பண்ணுனேன்? ராவ் சார்கிட்ட "ஆறு மில்லி சார்"னு கணீர்னு ஒப்பிச்சேன். அவர் ரிப்போர்ட் ரூமுக்குத் திரும்பினதும் பாட்டில் முழுசையும் ஏத்துனேன். சீட்டுல ஆறுன்னு எழுதுனேன். பத்துல நாலு பேருக்கு இப்படி. அவங்களுக்குக் கெடுதல் ஒண்ணும் ஆகல, வழக்கமாப் போடறதுதான். ஆனா பொய் பொய்தானே? அப்போ எனக்கு உறுத்தவே இல்ல. பத்துப் படமும் பார்த்துட்டு ராவ் சார், "எட்டு பிரமாதம், ரெண்டுதான் சுமார்"னு சந்தோஷமா கோடுபளே முறுக்குப் பொட்டலத்தைப் பிரிச்சு எல்லாருக்கும் குடுத்தார். நானும் ரெண்டு எடுத்துத் தின்னேன். வெட்கங்கெட்டவ.

அந்த வாரம்தான் மாதப்பன் வந்தார். அத்திபெலேக்காரர், ஐம்பது வயசு இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒண்ணுக்கு கேப் ஓட்டறவர். பதினெட்டு வருஷ சர்க்கரை, கிட்னி பாதிக்கு மேல போயிடுச்சு. வலது கால் சுண்டுவிரல்ல புண்ணு ஆறாம, விரல் கறுத்திருந்துச்சு. ரத்தம் கீழே போகல. ரத்தக்குழாய் சர்ஜன் தெளிவாச் சொல்லிட்டார்: பாதம் வரைக்கும் போற ஒரு குழாயாவது திறந்திருந்தா, மேலேருந்து ஒட்டுக் குழாய் போட்டுக் காலைக் காப்பாத்தலாம். படத்துல அப்படி ஒண்ணும் தெரியலன்னா முழங்காலுக்குக் கீழே எடுத்துடறது, நாளைக் கழிச்சு. சிடி மருந்து அவர் கிட்னிக்கு ஆகாது. எம்ஆர்ஐ முழு டோஸும் கூடாது. அரை டோஸ் ஒண்ணுதான் வழி.

படம் மறுநாள் மதியம்னு குறிச்சோம். மாதப்பன் வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு என்கிட்டச் சொன்னார், "மேடம், பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வலது கால்லதான். இடது காலை வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க, கிளட்ச் இல்லாத வண்டி வந்துடுச்சு." சொல்லிட்டு அவரே சிரிச்சார். அவர் வீட்டுக்காரம்மா சாந்தா சிரிக்கல. புடவைத் தலைப்பைக் கடிச்சுக்கிட்டு நின்னாங்க.

அப்பதான் எனக்கு உறைச்சது. எட்டுப் படம் பிரமாதம்னு நம்பித்தானே ராவ் சார் இந்த ஆள் காலைப் பணயம் வெக்கிறார்? அந்த எட்டுல நாலு முழு பாட்டில் படம். நாளைக்கு அரை டோஸ்ல குழாய் தெரியலன்னா, குழாயே இல்லன்னுதான் எழுதுவார். காலை எடுத்துடுவாங்க. தப்பு மருந்து அளவுலயா, என் பொய்யிலயா, காலுலயான்னு யாருக்கும் தெரியாமலே போயிடும்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல. நேரா ரிப்போர்ட் ரூமுக்குப் போனேன். "தப்பு மாடிபிட்டே சார்"னேன். தப்புப் பண்ணிட்டேன்னு. அழுகை வேற வந்து தொலைச்சது. எல்லாத்தையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சார். துடைச்சுக்கிட்டே இருந்தார். கண்ணாடியே தேய்ஞ்சு போயிடும்னு நினைச்சேன். அப்பறம் கேட்டது ஒரே வார்த்தை. "எஷ்டு?" எத்தனைன்னு.

"நாலு சார்."

"எந்த நாலுன்னு எழுதிக் குடு."

எழுதிக் குடுத்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஊர் ரேடியாலஜிஸ்டுங்க கூட்டத்துல இந்தப் பத்துக் கேஸைப் பத்திப் பேசறதா இருந்தார். என் முன்னாடியே போனை எடுத்து, "என் பேச்சு ரெடியாகல, வேற யாரையாவது போடுங்க"ன்னு சொல்லி வெச்சார். என்னைத் திட்டியிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது. நான் போகத் திரும்பினேன். "எங்கே போறே? உக்காரு. ஆறு படம் நிஜம்தானே? அந்த ஆறைப் பார்ப்போம்"னார்.

பார்த்தோம். ஆறுல நாலு நிஜமாவே பிரமாதம். எனக்கே ஆச்சரியம், பாதி மருந்துல இவ்வளவு தெளிவா! 'சுமார்'னு அவர் ஒதுக்கினாரே ரெண்டு, அதுவும் நிஜ அரை டோஸ்தான். நோயாளி காலை ஆட்டிட்டாங்கன்னு அவர் நினைச்சிருந்தார். இப்போ பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, ரெண்டு பேருக்குமே ஒரு கால்ல மட்டும் குழாய் பாதியில நிக்குது. ஆட்டம் இல்ல. ரெண்டு பேருமே சர்க்கரைக்காரங்க.

"கோமளா, அந்தக் கால்ல ரத்தம் மெதுவா வருது"ன்னார். "நாம எண்ணினது நல்ல காலுக்கான நொடி. கெட்ட காலுக்கு ஆட்டோ வந்து சேர்றதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துட்டோம். முழு மருந்தா இருந்தா இது தெரியாமலே போயிருக்கும்." ரயில், ஆட்டோ உதாரணம் நான் சொன்னது, அவர் எடுத்துக்கிட்டார். பரவாயில்ல.

அப்படின்னா மாதப்பனுக்கு என்ன பண்றது? மருந்தைக் கூட்ட முடியாது. படத்தைக் கூட்டலாமே! ஒரு தடவை எடுக்கற இடத்துல, ஊசியை ஒரே தடவை போட்டு, முழங்காலுக்குக் கீழே மட்டும் மூணு தடவை அடுத்தடுத்து எடுக்கறதுன்னு முடிவு பண்ணுனோம். சாயங்காலம் வரைக்கும் உக்காந்து மெஷின்ல அதைச் சரி பண்ணுனேன்.

மறுநாள் மதியம். சாந்தாம்மா பாட்டிலோட வந்தாங்க. நான் அவங்க கண் முன்னாடியே ஆறு மில்லி எடுத்து, மீதி ஒன்பதைக் காட்டி, "இதை நான் போடப் போறதில்ல"ன்னேன். இந்தத் தடவை ஒளிவு மறைவே வேணாம்னுதான்.

அவங்க பாட்டிலைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "பாதி மருந்து போட்டா பாதி கால்தானேம்மா தெரியும்?"

நான் சிரிச்சிருக்கக் கூடாது, சிரிச்சுட்டேன். அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "மிச்சம் உள்ளே போனா அவர் கிட்னிக்கு ஆகாதும்மா. கால் பொழைச்சு ஆள் படுத்துட்டா என்ன பிரயோஜனம்?"னேன். அவங்க தலையாட்டிட்டு வெளியே போயி நின்னாங்க.

மாதப்பனைப் படுக்க வெச்சு, காலை மெத்தை வெச்சு இறுக்கி, "அசையாதீங்க, அல்லாடபேடி"ன்னேன். பழக்கம், எல்லாருக்கும் ரெண்டு மொழியிலயும் சொல்லிடுவேன். "ரெண்டு பாஷையிலயும் அசையமாட்டேன் மேடம்"னார் மனுஷன். ராவ் சார் பின்னாடி வந்து நின்னார். "ஓதி ஹேளம்மா." படிச்சேன். பேரு, எடை, கிட்னி, மருந்து. டெஸ்டுக்கு ஒண்ணு, படத்துக்கு அஞ்சு, மொத்தம் ஆறு மில்லின்னு ஒரு எழுத்து விடாமச் சொன்னேன்.

ஒரு மில்லி விட்டு நொடி எண்ணினோம். அப்பறம் மீதி மருந்து போச்சு. முதல் படம் திரையில வந்துச்சு. இடது கால்ல மூணு குழாயும் கணுக்கால் வரைக்கும் பளிச்சுன்னு இருந்துச்சு. வலது கால்ல முழங்காலுக்குக் கீழே ஒண்ணுமில்ல. கறுப்பு.

ரெண்டாவது படம் வந்துச்சு. இடது கால்ல சிரையெல்லாம் வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு. வலது கால் அதே கறுப்பு.

ஊசிகிட்ட நின்ன ஸ்டெல்லா சிஸ்டர், எங்க நர்ஸ், ஜன்னல் வழியா என்னைப் பார்த்துப் பாட்டிலைத் தூக்கிக் காட்டுனாங்க. மீதியையும் போட்டுடலாமான்னு கேக்கறாங்க. எனக்குக் கை பரபரத்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். சரின்னு ஒரு தலையாட்டல் போதும். ராவ் சார் பின்னாடியிருந்து கேட்டார், "எஷ்டு?"

"ஆறு சார். ஆறேதான்."

"அப்போ நோடோணா"ன்னார். பார்க்கலாம்னு. அந்த ஒரு வார்த்தையில அவர் என்னைத் திரும்ப நம்பினார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்து, வேணாம்னு கையை ஆட்டுனேன்.

மூணாவது படம் ஓடி முடிய இருபது நொடி. இருபது நொடின்னு மெஷின் சொல்லுது, எனக்கு என்னமோ ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. படம் விழுந்துச்சு. இடது கால் ஒரே வெள்ளைக் குழப்பம். வலது கால்ல, முன்னெலும்புக்குப் பக்கத்துல, தையல் நூல் கணக்கா ஒரு கோடு. நான் மூக்கு திரையில இடிக்கற அளவுக்குக் குனிஞ்சேன். கோடு எங்கேயும் அறுந்து போகல. கணுக்காலைத் தாண்டிப் பாதத்து மேல ஏறிப் படுத்திருந்துச்சு.

"ஐயோ சார்! இருக்கு சார்! இருக்கு!" கத்திட்டேன். மைக் ஆன்ல இருந்திருக்கு. உள்ளே படுத்திருந்த மாதப்பன், "என்ன மேடம் இருக்கு? நல்லதா கெட்டதா?"ன்னு கேட்டார். ஆனா அசையல. சொன்ன வாக்கைக் காப்பாத்துனார்.

என் சர்வீஸ்லயே முதல் தடவையா ராவ் சார் மவுஸைப் பிடிச்சார். அந்தக் கோட்டைப் பெரிசாக்கிப் பார்த்தார். சர்ஜனை வரச் சொன்னார். அவர் வந்து ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, "இது போதும், இதுல ஒட்டுப் போட்டுடலாம்"னார். வெளியே போயி சாந்தாம்மாகிட்டச் சொன்னேன், "முழுக் காலும் தெரிஞ்சுதும்மா." அவங்க அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. நானும் பக்கத்துல உக்காந்தேன்.

எனக்குத் தண்டனை உண்டா இல்லையான்னு கேப்பீங்க. உண்டு. அடுத்த திங்கக்கிழமை டிபார்ட்மென்ட் மீட்டிங்ல எல்லாரும் உக்காந்திருக்க, நான் பண்ணுனதை ஒரு தாள்ல எழுதச் சொல்லி, "ஓதி ஹேளம்மா"ன்னுட்டார். ஒரு வரி விடாமப் படிச்சேன். காது சிவந்துபோச்சு. அப்பறம் புதுசா பத்துக் கேஸ் முதல்லேருந்து ஆரம்பிச்சோம். கூடவே ஒரு வழக்கமும் வந்துச்சு. ஊசிக்கு முன்னாடி மீதி மருந்தை வீட்டுக்காரங்களுக்குக் காட்டி, ஏன் போடலன்னு சொல்லிட்டு, அவங்க எதிர்லயே கழிச்சுடறது. சண்டை பாதியாக் குறைஞ்சது. மீதிப் பாதியை நான் விடல, எனக்கும் பொழுது போகணுமே.

ஆபரேஷன்ல மாதப்பனுக்கு அந்தச் சுண்டுவிரல் மட்டும் போச்சுன்னு கேள்விப்பட்டேன். அப்பறம் தகவல் இல்ல. நாலஞ்சு மாசம் இருக்கும். காலையில கூட்டம் அள்ளுது, நான் கம்ப்யூட்டர்ல பேரு ஏத்திக்கிட்டிருக்கேன். கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு. எங்க ரூமுக்குள்ள வெளிச் செருப்போட யார் வந்தாலும் எனக்கு ஆகாது, டாக்டரா இருந்தாலும் விடமாட்டேன். தலையைத் தூக்காமலே கத்துனேன்.

"யாருப்பா அது? செருப்பு ரெண்டையும் வெளியே விட்டுட்டு வா!"

 கதவுகிட்டேருந்து ஒரு குரல். "ரெண்டையுமா மேடம்?"

நிமிர்ந்து பார்த்தேன். மாதப்பன். யாரையும் பிடிக்காம நிக்கறார். சர்க்கரைக்காரங்களுக்குன்னு குடுக்கற மெத்துமெத்துன்னு இருக்கற கறுப்புச் செருப்பு, இடது கால்ல ஒண்ணு, வலது கால்ல ஒண்ணு. கையில வண்டிச் சாவி. பின்னாடி சாந்தாம்மா, வாய் கொள்ளாம சிரிப்பு.

எனக்குக் கண்ணு நிறைஞ்சு எதிரே ஒண்ணும் தெரியல. குரல் மட்டும் வந்துச்சு.

"நீங்க ரெண்டையும் போட்டுக்கிட்டே உள்ள வாங்க."